பதினொரு விளக்குகளும் ஒரு நிபுணரும்

வலங்கைமான் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஏறுகிற மாடிப்படி, இந்தியாவின் பாதுகாப்பு பதினேழு மாத காலம் கவனித்துக்கொள்ளப்பட்ட அறைக்குக் கொண்டுபோய் விடும். ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, சட்டப் புத்தகங்கள் அடுக்கிய பீரோ, சுவரில் ஒரு தேசப்படம். வாசல் பலகையில் இப்போது 'இரா. இராஜாங்கம், பி.ஏ., பி.எல்., வழக்கறிஞர்' என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஒரு வரி அகலத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறது. அந்த வரி வந்த விதமும் போன விதமும் தேச சரித்திரத்தில் இடம்பெற வாய்ப்பில்லை என்பதால் இங்கே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

இராஜாங்கம் குடமுருட்டிக் கரையோரத்து ஊர்க்காரர். அப்பா பாதி ஆயுளை அடுத்தவர் வயலில் கழித்து, மீதியில் இரண்டரை மா நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனவர். தெருவில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் ஆள் இராஜாங்கம்தான். அதுவரை அந்தத் தெருவிலிருந்து நீதிமன்றத்துக்குப் போனவர்கள் எல்லோரும் ஒன்று பிரதிவாதியாகப் போனார்கள், இல்லாவிட்டால் சாட்சியாகப் போனார்கள். அதனால் முதல் நாள் அவர் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது, "என்ன கேசுப்பா?" என்று நாலைந்து பேர் உண்மையான கவலையோடு விசாரித்தார்கள்.

இருபத்தாறு வருடத் தொழிலில் அவர் நடத்திய தாவாக்களில் முக்கால்வாசி வரப்புத் தாவா. ஒருத்தர் வரப்பை இன்னொருத்தர் அரை முழம் வெட்டிவிடுவார். மேலே இருக்கிறவர் மடையை அடைக்க மாட்டார், கீழே இருக்கிறவருக்குப் பயிர் காயும். இந்த வழக்குகளில் இராஜாங்கத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்சிக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மனு எழுதுகிற ஆள் அல்ல அவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். எதிர்த் தரப்பு வக்கீல்கள் சர்வே நம்பரோடு நிற்கும்போது இவர் நண்டு வளையின் எண்ணிக்கையோடு நிற்பார். நீதிபதிகளுக்கு நண்டு வளையை மறுத்துப் பேசத் தெரியாது.

அரசியலுக்கு வந்தது பதவி ஆசையால் அல்ல என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பதவியும் அந்தக் கருத்தை மதித்து அவர் பக்கம் வராமலே இருந்தது. ஒரே ஒரு முறை பதினான்கு ஓட்டு வித்தியாசத்தில் ஒன்றியக் கவுன்சிலர் ஆனார். சட்டமன்றத்துக்கு மூன்று முறை விருப்ப மனு கொடுத்தார். மூன்று முறையும் நேர்காணலில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தார். மூன்று முறையும் மாவட்டச் செயலாளர் தோளில் கைபோட்டு, "அடுத்த தடவ பாத்துக்கலாம் வக்கீலு" என்றார். அந்தக் கை மட்டும் வருடா வருடம் கனம் கூடிக்கொண்டே போயிற்று.

இப்படி இருந்தவரை நிபுணர் ஆக்கியது ஈரநெல்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று மூட்டைகளைத் தள்ளிவைக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேச, 'கடைமடை டிவி' என்கிற யூடியூப் சேனல் அவரைக் கூப்பிட்டிருந்தது. உரக்கடை மாடியில் இரண்டு விளக்கும் ஒரு பச்சைத் துணியும் கொண்ட நிலையம் அது. முந்தின நிகழ்ச்சி எல்லைப் பிரச்சினை பற்றியது. அதற்கு வர வேண்டிய ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி, நெல் லாரிகள் வரிசைக்குப் பின்னால் காரில் மாட்டிக்கொண்டார். நிகழ்ச்சி நடத்தும் வளவன் கையைப் பிசைந்துகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். சட்டையில் மைக் மாட்டிய நிலையில் ஒரே ஒரு மனிதர்தான் இருந்தார்.

"அண்ணே, பத்து நிமிசம் சமாளிங்க. எல்லையப் பத்தி எதாச்சும் பேசுங்க."

"எந்த எல்ல?"

"நாட்டோட எல்லைண்ணே."

இராஜாங்கத்துக்குத் தெரிந்த எல்லை ஒன்றுதான். அதைப் பேசினார். "நாடுங்கிறது வயல். எல்லைங்கிறது வரப்பு. வரப்பு ஒரே நாள்ல உடையாது. முதல்ல ஒரு நண்டு வள போடும். நண்டுதானேன்னு நாம வீட்டுல படுத்துருவோம். காலையில போய்ப் பாத்தா அடுத்தவன் தண்ணி நம்ம வயல்ல நிக்கும், நம்ம பயிரு தண்ணிக்குள்ள நிக்கும்." பத்து நிமிடம் இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதில் நாற்பது விநாடியை வெட்டி யாரோ உலவ விட்டார்கள். நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். திரையில் பெயருக்குக் கீழே 'ஈரநெல் பிரச்சினை' என்று போட முடியாது என்பதால் வளவன் அவசரத்தில் 'தேசியப் பாதுகாப்பு நிபுணர்' என்று தட்டியிருந்தான். ஒரு மனிதருக்குப் பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்கிற காலத்தை நினைத்தால் வளவனின் வேகத்தை மெச்சத்தான் வேண்டும்.

அந்த வார இறுதியில் வாசல் பலகையில் அந்த வரி ஏறியது. எல்லையில் எது நடந்தாலும் வளவன் போன் செய்வான், இராஜாங்கம் கோட்டோடு போய் உட்காருவார். மனைவி கயல்விழி அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. அவள் மட்டும் இந்த முன்னேற்றத்தைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தாள்.

"ஏங்க, நேத்து சீனா எல்லைன்னு நீங்க கைய வச்சது மியான்மர்."

"டிவியில மேப்பு சின்னதா இருக்கு கயல்."

"மேப்பு சின்னதா இருந்தா நாடு நகந்துடுமா?"

கட்சி நகர்ந்தது. மாநிலச் செய்தித் தொடர்பாளர் பட்டியலில் ஏழாவது பெயராக இராஜாங்கம் வந்தார். மாவட்டச் செயலாளர் இந்த முறை தோளில் கை போடாமல் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தத் தடவ சீட்டு உனக்குத்தான் வக்கீலு. தலைமையே உன்னப் பாக்குது. இப்படியே பேசிக்கிட்டு இரு, போதும்."

ஐப்பசிப் புயல் ஒன்று கரையைத் தொட்டுப் போன மூன்றாம் நாள், வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரையில் யாரோ செல்போனில் எடுத்த காட்சி பரவியது. இருட்டுகிற நேரம். கரையோரத்து அலையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள் அணைந்து அணைந்து எரிந்தன. எண்ணினால் பதினொன்று. அன்று மாலையே கடைமடை டிவியில் சிறப்பு விவாதம் வைத்தார்கள்.

இராஜாங்கம் அந்தக் காட்சியை மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் தீவிரம் என்று ரசிகர்களுக்குத் தெரியும். "பதினொண்ணு. ஏன் பத்து இல்ல? ஏன் பன்னெண்டு இல்ல? யாருமில்லாத கரையில வெளக்கு தானா எரியுமா? எரிய வச்சிருக்காங்க. கடலுக்குள்ளேர்ந்து எவனோ பாக்குறான், அவனுக்கு இது பாஷை. வித்தவனப் பிடிங்க, வாங்கினவன் வெளிய வருவான்."

நன்றாகத்தான் பேசினார். வரப்பை நடந்து பார்க்காமல் ஒரு மனுகூட எழுதாதவர், கடலை எட்டிப் பார்க்காமல் அத்தனையும் பேசி முடித்தார்.

கரையோரக் காவல் நிலையம் ஒன்று அந்த ஆலோசனையை ஏற்றுக்கொண்டது. விளக்கில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைப் பிடித்து அதிராம்பட்டினம் போய், மீன்பிடிச் சாமான் கடை வைத்திருக்கும் ஜெக்கரியாவைக் கைது செய்து கடைக்குச் சீல் வைத்தார்கள். வளவன் பூரிப்போடு போன் செய்தான். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே ஒருத்தரத் தூக்கிட்டாங்க."

இராஜாங்கம் இதை வீட்டில் சொன்னபோது கயல்விழி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவரு என்ன பண்ணாரு?"

"வெளக்கு வித்தாரு."

"எதுக்கு உள்ள வெளக்கு?"

"அதத்தான் விசாரிக்கிறாங்க."

கயல்விழி அவரைக்காயைத் தொடர்ந்து நறுக்கினாள். சாதாரணமாக அவள் அப்படிப் பொடிப் பொடியாக நறுக்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கறுப்பு அங்கி, கையில் ஒரு மஞ்சள் பை. மூன்று பஸ் மாறி வந்திருந்தாள்.

"நான் பர்வின். ஜெக்கரியா வீட்டுல."

இராஜாங்கம் உட்காரச் சொன்னார். கயல்விழி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பர்வின் குடிக்கவில்லை. பைக்குள்ளிருந்து கோழிமுட்டை அளவில் ஒரு பிளாஸ்டிக் சாமானை எடுத்து, "மன்னிச்சுக்கங்க அக்கா" என்று கயல்விழியிடம் சொல்லிவிட்டு அதைச் சொம்புக்குள் போட்டாள். சொம்பு சிவப்பாக அணைந்து அணைந்து எரிந்தது.

"தண்ணி பட்டா எரியும் சார். வெளிய எடுத்தா நின்னுடும்." எடுத்துக் காட்டினாள். நின்றது. "வல எங்க கெடக்குன்னு படகுக்காரங்களுக்குத் தெரியணும்ல. அடுத்த படகு மேல ஏறி வலய அறுத்துடக் கூடாதுல்ல. அதுக்காக மிதவையில கட்டுறது. புயல்ல ஒரு வல அத்துக்கிட்டு வந்து கரையில ஒதுங்கியிருக்கு. அவ்வளவுதான் சார் பாஷை."

இராஜாங்கம் விளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஈரமாக இருந்ததால் அது அவர் உள்ளங்கையிலும் இரண்டு தடவை எரிந்து காட்டியது.

"நாலு வக்கீல்கிட்ட போனேன். நிபுணரே சொல்லிட்டாரு, இது பெரிய எடத்து விவகாரம்னு எல்லாரும் கை கழுவிட்டாங்க. அதான் நேரா உங்ககிட்டயே வந்துட்டேன். நீங்க பேசித்தானே உள்ள போனாங்க, நீங்களே பேசி வெளிய கொண்டாங்க."

"நான் எப்படிம்மா..." என்று இராஜாங்கம் ஆரம்பித்தார். கயல்விழி அவரைப் பார்த்தாள். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. பர்வின் பையிலிருந்து அடுத்தபடியாக எடுத்தது வக்காலத்துப் படிவம்.

மறுநாள் அவர் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போனார். பதினேழு மாதத்தில் பழைய பழக்கம் அன்றுதான் திரும்ப வந்தது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் உட்கார்ந்து, ஒரு வலைக்கு எத்தனை விளக்கு கட்டுவார்கள் என்று கேட்டார். "அது வல நீளத்தப் பொறுத்துங்க. பத்தும் கட்டுவோம், பன்னெண்டும் கட்டுவோம். இப்ப கட்டுறதுக்கு ஒண்ணும் கெடைக்கல. பாய் கடையப் பூட்டிட்டாங்க. எவனோ ஒருத்தன் டிவியில உளறுனானாம். அந்த ஆள நீங்க பாத்திருக்கீங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் இராஜாங்கம்.

ஜாமீன் மனு விசாரணைக்கு முந்தின நாள் மாவட்டச் செயலாளர் பேசினார். "கேஸ எடுத்தது தப்பில்ல வக்கீலு. அது உன் தொழிலு. ஆனா சொன்ன வார்த்தைய மட்டும் மாத்திடாத. நம்ம ஆளு பின்வாங்கினான்னு பேரு வரக் கூடாது. அடுத்த வாரம் வேட்பாளர் லிஸ்ட்டு போவுது. புரியுதுல்ல?"

புரியாமல் என்ன. இராஜாங்கம் அன்றைக்கு ஒரு நடுவழி கண்டுபிடித்தார். விளக்கைத் தண்ணீரில் போட்டுக் காட்டுவது, மீனவர் வழக்கத்தை எடுத்துச் சொல்வது, நிபுணர் சங்கதிக்குள் மட்டும் போகாமலே ஜாமீன் வாங்கிவிடுவது. தேசியப் பாதுகாப்பும் பிழைக்கும், ஜெக்கரியாவும் பிழைப்பார்.

நீதிமன்றத்தில் அரசுத் தரப்புக்கு நின்றவர் நடராசன். இருவரும் சட்டக் கல்லூரியில் ஒரே விடுதி. "வாங்க நிபுணரே" என்று வராந்தாவிலேயே வரவேற்றார். உள்ளே போனதும் எழுந்து மனுவை எதிர்த்தார். "முதல் தகவல் அறிக்கையின் மூன்றாம் பத்தியில், தேசியப் பாதுகாப்பு நிபுணர் ஒருவரின் கருத்து எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. அவர் பேசியது முழுவதும் எழுத்து வடிவில் இணைக்கப்பட்டிருக்கிறது." ஒன்பது பக்கம். கண்ணாடியைக் கழற்றியதை மட்டும் விட்டிருந்தார்கள்.

மாஜிஸ்திரேட் அம்மா ஒன்பது பக்கத்தையும் படித்தார். பிறகு மனுதாரர் தரப்பு வக்கீலை நிமிர்ந்து பார்த்தார். அம்மாவின் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. அந்தப் பதவிக்கு அது ஒரு தகுதி.

இராஜாங்கம் டம்ளர் தண்ணீரில் விளக்கைப் போட்டார். எரிந்தது. எடுத்தார். அணைந்தது. வலை, மிதவை, புயல் எல்லாவற்றையும் விளக்கினார். நடராசன் விடவில்லை.

"சாதாரண விளக்கு என்றால் ஒரு நிபுணர் ஏன் அதைச் சங்கேதம் என்று சொல்ல வேண்டும்?"

நடுவழி அந்த இடத்தில் முடிந்துவிட்டது. இராஜாங்கம் தொண்டையைச் செருமினார். "மேற்படி நிபுணருக்குக் கடல் அனுபவம் கிடையாது. வேதாரண்யத்தில் ஒரு தடவை முழங்கால் அளவுக்கு இறங்கியிருக்கிறார். அப்போதும் ஒரு செருப்பை அலை கொண்டுபோய்விட்டது."

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"அவருடைய மனைவி சொல்லக் கேள்வி, அம்மா."

பின் வரிசையில் யாரோ இருமினார்கள். மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்தார். "வக்கீல் சார், நீங்க சொல்றது வாதம். அவங்க பக்கம் ஒரு நிபுணர் கருத்து காகிதத்துல இருக்கு. உங்க பக்கம் காகிதத்துல என்ன இருக்கு? அந்த நிபுணர் கருத்தைத் திரும்ப வாங்குறதா இருந்தா பிரமாணப் பத்திரம் போடட்டும், பரிசீலிக்கிறேன். அவரை எங்க போய்த் தேடுவீங்கன்னு எனக்குத் தெரியாது. ரெண்டரை மணி வரைக்கும் நேரம் தர்றேன்."

நீதிமன்றத்துக்கு எதிரே வேப்பமரத்தடி டைப்பிங் கடையில் நிபுணர் உடனே கிடைத்தார். அவர் பக்கத்தில் பர்வின் நின்றாள். இராஜாங்கம் சொல்லச் சொல்ல டைப்பிங்காரர் அடித்தார். "மேற்படி நிகழ்ச்சியில் நான் தெரிவித்த கருத்து தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது..." அரசியலில் எத்தனையோ பேரைக் கரையேற்றிய வாக்கியம் அது. கட்சிக்கும் கோபம் வராது. தாள் வெளியே வந்ததும் பர்வின் வாங்கிப் படித்தாள். மெதுவாகத்தான் படித்தாள்.

"சார், யாரு தப்பாப் புரிஞ்சுக்கிட்டது?"

இராஜாங்கம் தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். போலீஸும் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. நீங்க வித்தவனப் பிடின்னீங்க, அவங்க பிடிச்சாங்க. இதக் கொண்டுபோய்க் குடுத்தா அந்தம்மா எங்க வீட்டுக்காரங்கள விடுவாங்களா?"

மணி ஒன்றரை. டைப்பிங்காரர் விரல்களை விசைப்பலகை மேல் வைத்தபடி காத்திருந்தார். இராஜாங்கம் கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தார். மாவட்டச் செயலாளரின் தவறிய அழைப்புகள் இரண்டு இருந்தன. கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்தார். மூன்று நேர்காணல், மூன்று வெள்ளைச் சட்டை, இப்போது ஏழாவது பெயர். பிறகு போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

"புதுசா அடிங்க."

"தொழில்னு என்ன சார் போடுறது?"

"வழக்கறிஞர்."

"அவ்வளவுதானா சார்? போர்டுல இன்னொண்ணு..."

"அவ்வளவுதான்."

அந்தப் பிரமாணப் பத்திரம் இன்றும் கோப்பில் இருக்கிறது. முக்கியமான பத்தி இது: "எனக்குத் தேசியப் பாதுகாப்பு குறித்து யாதொரு படிப்போ பயிற்சியோ கிடையாது. கடலைப் பற்றியும் கடல் தொழிலைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. மேற்படி விளக்குகளை நேரில் பார்க்காமலும் யாரிடமும் விசாரிக்காமலும் வாய்க்கு வந்ததைப் பேசினேன். நான் பேசியது தவறு. மனுதாரர் விற்றது வலை விளக்கு. இவை அனைத்தும் என் அறிவுக்கு எட்டிய வரையில் உண்மை."

ஒரு வக்கீல் தன் வழக்கில் தானே பிரமாணம் கொடுக்கலாமா என்று நடராசன் ஆட்சேபித்திருக்கலாம். அவர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் பத்திரத்தை இரண்டு முறை படித்தார். "கடைசி வரி தவிர மத்ததெல்லாம் வழக்கமா யாரும் எழுதுறதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜாமீன் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். கடைச் சீலையும் அகற்றச் சொன்னார்.

அன்று மாலைக்குள் கடைமடை டிவியின் அடிவரியில் 'நிபுணர் திடீர் பல்டி' என்று ஓடியது. கட்சி திருத்தி வெளியிட்ட செய்தித் தொடர்பாளர் பட்டியலில் ஆறாவது பெயருக்குப் பிறகு எட்டாவது பெயர், ஏழு என்ற எண்ணோடு வந்தது. மாவட்டச் செயலாளர் திட்டவில்லை. போனே செய்யவில்லை. கயல்விழி இரவுச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தாள். செவ்வாய்க்கிழமையில் அப்பளம் பொரிக்கிற வீடு இல்லை அது.

உத்தரவு கிளைச் சிறைக்குப் போய்ச் சேர்ந்து, மறுநாள் மதியம் ஜெக்கரியா வெளியே வந்தார். ஒல்லியான மனிதர். பன்னிரண்டு நாள் தாடி. சட்டைப் பையில் கடைச் சாவி இல்லாததால் அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பர்வின் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். பிறகு திரும்பி, "இவங்கதான்" என்றாள்.

இராஜாங்கம் இந்த நிமிடத்துக்காக நேற்றிலிருந்து இரண்டு மூன்று வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தார். "பாய்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்களா சார்?" ஜெக்கரியா இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நீங்க பேசினப்ப நான் கடையிலதான் இருந்தேன். போன்ல பாத்தேன். அந்த வீடியோவுல வெறும் புள்ளியாத்தானே தெரிஞ்சுச்சு, என் லைட்டுன்னே எனக்குத் தோணல. நீங்க பேசப் பேச எனக்கு ரத்தமே கொதிச்சுச்சு சார். எவன்டா இந்த வேலயப் பாத்தவன், அவனச் சும்மா விடக் கூடாதுன்னு நானே சத்தம் போட்டேன். இவள வேணா கேளுங்க."

"ஆமா" என்றாள் பர்வின். "சொன்னாங்க."

இராஜாங்கத்துக்குத் தயார் செய்த வாக்கியம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஜெக்கரியா இன்னும் கையை விடவில்லை.

"வாங்க பாய்" என்றார் கடைசியில். "முதல்ல டீ சாப்பிடுவோம்."